முதல் விருப்பமும் ஒரு எவர்சில்வர் தட்டும்

வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா சொன்னபோதே நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கிற புத்தி அன்றைக்கு இல்லை. உயர்தரப் பரீட்சையில், வர்த்தகப் பிரிவில், எங்கள் பாடசாலையிலேயே என்னுடைய முடிவுதான் முதலாவது. கால் தரையில் பாவவில்லை. அம்மா தட்டில் எதை எடுத்து வைக்கிறார் என்று யார் பார்த்தார்கள்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எழுதி வைக்காத இரண்டு சட்டங்கள் உண்டு. ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால், கிண்ணம் திரும்பிப் போகும்போது அதில் ஒரு பிடி சீனியாவது இரண்டு பச்சை மிளகாயாவது இருக்கும். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் அம்மா வாசலில் நிற்கிற கறிவேப்பிலையை ஒடித்துப் போட்டு அனுப்புவார். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் உறவு போதும் என்று முகத்தில் சொன்ன மாதிரி.

அன்றைக்கு நாங்கள் புறப்பட்டது கொழும்பில் இருக்கும் மாமா வீட்டுக்கு. மாமா அம்மாவின் ஒரே அண்ணன். புளத்கொகுபிட்டியவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் இறப்பர்த் தோட்டத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். இப்போது சொந்தமாக ஒரு ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரே மகன், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கடையில் மாமாவுக்கு வலது கை அவர்தான். மாமாவிடம் கேட்கப் போனது ஒரே ஒரு விஷயம்: எனக்குக் கொழும்பில் கெம்பஸ் கிடைத்தால் உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கலாமா.

எனக்கு வேண்டியது நிதித்துறை. தோட்டத்தில் அதைச் சொன்னால், "பேங்க் வேலைக்கா புள்ள?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். உண்மையில் அது ஆரம்பித்ததும் ஒரு வங்கியில்தான். பத்தாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவோடு டவுனுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருந்தார். அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, சந்தையில் சிங்களத்திலேயே சண்டை போடுவார். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மட்டும் அவருக்கு வாய் கட்டிப்போயிற்று. அந்தப் பெண் மோசமாக ஒன்றும் பேசவில்லை. நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் நான் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று அங்கேயே முடிவு கட்டினேன். கோபத்தில் எடுத்த முடிவு. என்னுடைய உருப்படியான முடிவுகள் எல்லாமே கோபத்தில் எடுத்தவைதான்.

அதற்கு இரண்டு வழி இருந்தது. இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டும் கொழும்பில். ஒன்று நகரத்தின் நடுவில். அங்கே படித்தேன் என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் நான் விசாரித்த மட்டில், அங்கே எனக்குக் கிடைக்கக்கூடியது பொதுவான முகாமைத்துவப் படிப்பு. நிதி அதற்குள் இரண்டு மூன்று பாடமாக வந்துபோகும். மற்றது நகரத்தின் விளிம்பில். அங்கே நிதிக்கென்றே தனிப் பட்டம். கடைசி வருடத்தில் நிறுவனங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். எனக்கு அதுதான் வேண்டும். அதன் மதில் மாமா வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

எவர்சில்வர் தட்டில் அம்மா வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு எல்லாம் அடுக்கி, அத்தைக்கு ஒரு சேலையும் வைத்து, துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அத்தை என்றால் மாமாவின் மனைவி. கெட்டவர் இல்லை. எதையும் நினைத்தால் முடித்துவிடுகிற பெண். அது நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

மாமா நாங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். "தாய்மாமன் வீடு இருக்கப்போ புள்ள எதுக்குங்க வேற எடத்துல தங்கணும்? மேல் ரூம் சும்மாதான் கெடக்கு." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அத்தை தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அத்தையின் கையில் அதே தட்டு. எங்கள் தேங்காயும் பழமும் அதில் இல்லை. ஒரு பட்டுச் சேலை, ரவிக்கைத் துணி, கண்ணாடி வளையல், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"எந்திரிங்க தங்கச்சி. கெழக்க பாத்து நில்லுங்க" என்றார் அம்மாவிடம்.

"எதுக்கு அண்ணி?"

"சும்மா நில்லுங்க. வந்த தட்ட வெறுமனே அனுப்ப முடியுமா?"

அம்மா எழுந்து நின்றார். மாமா அத்தைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அத்தை தட்டை நீட்ட, அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு கையால் தட்டு வாங்கி அம்மாவுக்குப் பழக்கமில்லை. வாங்கிய பிறகுதான் முகம் மாறியது. அத்தை பூவை எடுத்து என் தலையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"புள்ள நல்லா படிக்கட்டும். யாரு வேணாம்னா? படிச்சி முடிச்சா நம்ம கடக் கணக்கப் பாக்க வெளிய ஒருத்தன தேட வேண்டியதில்ல."

பஸ்ஸில் அம்மா மடியில் இருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். அவிசாவளையும் தாண்டிவிட்டது. கரவனெல்லையில் பஸ் நின்றபோது கேட்டேன். "அம்மா, அங்க என்ன நடந்துச்சு?"

"தட்டு மாத்திட்டாங்க."

"நாம ரூம் தானே கேட்டோம்?"

"ஆமா."

"அப்ப ஏன் வாங்குனீங்க?"

"நீட்டுனாங்க. வாங்கிட்டேன்" என்றார் அம்மா.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் நின்று தட்டு மாற்றினால் பெண் கொடுத்ததாக அர்த்தம். மேளம், ஐயர், மண்டபம் எல்லாம் பிறகு வருகிற அலங்காரம். பேச்சு முடிவது தட்டில்தான். நான் தலையிலிருந்த பூவைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தேன். முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களுக்கு முன்னால் செய்தி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அத்தைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் சொந்தம் இருக்கிறது, போன் இருக்கிறது, வேறு என்ன வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சந்திக் கடைக்காரம்மா, "கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்று கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் நிற்காமல் நடந்தேன். அம்மா மட்டும் நின்று, படிப்பு முடியட்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு இதில் சங்கடமே இல்லை. சந்தோஷம்தான். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. படிக்கவும் எடம், வாழவும் எடம். பொம்பளப் புள்ளைய தெரியாத ஊர்ல விட்டுட்டு இங்க நான் நிம்மதியா மரத்துல கத்தி வைப்பனா? மச்சான் வீட்டுல இருந்தா தூங்குவேன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. மாமா மகனிடமும் எனக்கு ஒரு குறையும் இல்லை. குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, சின்ன வயதில் தோட்டத்துக்கு வந்தால் எங்களோடு ஆற்றில் குதித்து விளையாடுவார். குறை இருந்திருந்தால் அதைச் சொல்லி அழுது தப்பித்திருக்கலாம். எனக்கு அப்போது கல்யாணம் வேண்டாம், அந்தக் கடையின் கணக்கு வேண்டாம். இதை ஒரு காரணம் என்று தோட்டத்தில் யாரிடம் சொல்வது?

இனிக் கெம்பஸ் விஷயம் சிக்கலாகிப் போயிற்று. விண்ணப்பத்தில் விருப்பங்களை வரிசைப்படுத்திப் போட வேண்டும். முதலாவதாகப் போட்டது கிடைத்துவிட்டால் அடுத்தது நமக்கு இல்லை. திகதி முடிந்த பிறகு வரிசையை மாற்ற முடியாது. விளிம்பில் இருப்பதை முதலில் போட்டால் மாமா வீடு. மாமா வீட்டுக்குப் போய்விட்டால் தட்டை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அங்கே படித்துக்கொண்டு விடுதியில் தங்கலாமே என்று கேட்கலாம். தட்டு மாறாமல் இருந்திருந்தால் அதுவும் ஒரு வழிதான். மாறிய பிறகு, சம்பந்தி வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிற விடுதியில் மருமகள் தனியாகச் சாப்பிட்டால், மாமா கடையில் நிமிர்ந்து உட்கார முடியாது. நடுவில் இருப்பதை முதலில் போட்டால், தூரம் என்று சாக்குச் சொல்லலாம், விடுதியில் இருக்கலாம், தட்டை வருடக்கணக்கில் ஆறப்போடலாம். ஆனால் எனக்கு வேண்டிய படிப்பு அங்கே இல்லை.

மதில்மேல் பூனை என்று சொல்வார்கள். பூனைக்காவது இரண்டு பக்கமும் குதிக்கலாம்.

நாள் நெருங்க நெருங்க எல்லோரிடமும் வள்ளென்று விழுந்தேன். அப்பா வேலை முடிந்து பால் நாற்றத்தோடு வருவார், கை கழுவுவார், "போட்டியா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். "கரும்பு தின்னக் கூலி கேக்குற புள்ளைய இப்பதான் பாக்குறேன்" என்பார். அம்மா அடுப்படியிலேயே இருந்தார். அந்தத் தட்டு, சேலை மடிப்புக் கலையாமல், சாமி மாடத்துக்குக் கீழே இருந்தது. வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் அது கண்ணில் பட்டது.

ஒரு நாள் பின்னேரம் மாமா மகன் எனக்குப் போன் எடுத்தார். கடையில் யாரோ இரும்பு வெட்டுகிற சத்தம் பின்னால் கேட்டது.

"அன்னைக்கி எனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. நான் கடையில இருந்தேன். வீட்டுக்கு வந்தப்பதான் அம்மா சொன்னாங்க."

"சரி."

"உனக்கு விருப்பம் இல்லன்னா சொல்லு. நான் வேணாம்னு சொல்லிர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு மண்டை கொதித்தது.

"நீங்க வேணாம்னு சொன்னா எனக்குக் கெட்ட பேரு. நான் வேணாம்னு சொன்னா அம்மாவுக்குக் கெட்ட பேரு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

"அப்ப என்னதான் செய்யப் போற?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர்மேல் கோபப்பட்டதற்கு ஒரு நியாயமும் கிடையாது. ஆனாலும் என் படிப்பைக் காப்பாற்ற அவர்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற எண்ணம் முள்ளாகக் குத்தியது.

விண்ணப்பம் முடிகிறதற்கு முந்தின நாள் அம்மாவிடம் சொன்னேன். "நான் நடுவுல இருக்கறதயே மொதல்ல போடுறேன்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகங்களைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று அண்ணன் வீட்டுப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

"அங்க படிச்சா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்காரலாமா?" என்று கேட்டார். வங்கிக் கதையை நான் ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"ஒக்காரலாம். சுத்திப் போகணும்."

"மத்ததுல?"

"நேரா போகலாம்."

அம்மா மறுபடி அடுப்பை ஊதினார். மறுநாள் காலையில் வெளிறிய வேலைச் சேலைக்குப் பதில் நல்ல சேலை உடுத்தியிருந்தார். தட்டைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எங்க?"

"அண்ணே வீட்டுக்கு."

"கூடப் பொறந்தவன் ஒருத்தன்தான் இருக்கான். அவனயும் அறுத்துட்டு வரப் போறியா?"

"போன்ல சொல்ல முடியுமா இத? ரெண்டு கையால வாங்குனது நான். நான்தான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

அப்பா எழுந்து வாசலில் நின்றார். தடுப்பார் என்று நினைத்தேன். பிறகு, "போறதுன்னா மொத பஸ்ஸுல போ. பின்னேரம் மழை" என்றார். எனக்கு அழுகை வந்தது. நானும் வருகிறேன் என்றேன். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நீ வந்தா வேற மாதிரி ஆயிரும். நீ டவுன்ல போய் நில்லு. குடுத்துட்டு போன் பண்றேன். அதுக்குப் பொறவு போடு."

போகும்போது ஒரு முழம் மல்லிகை வாங்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டார். நான் ஜன்னலால் எறிந்த பூவுக்கு ஈடாக. வாங்கியதில் ஒன்றும் குறையாமல் கொடுக்க வேண்டுமாம்.

அன்றைக்கு டவுனில், கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கொமினிகேஷன் கடையில் கூட்டம். எல்லோரும் கடைசி நாளில்தான் வருவார்கள். கடையை நடத்துகிற அக்கா சிங்களவர், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் விண்ணப்பம் ஏற்றிக்கொடுப்பார். என் விபரங்களை எல்லாம் ஏற்றிவிட்டு, விருப்ப வரிசை வந்ததும் கேட்டார். "நங்கி, பளமுவெனி எக்க மொகக்த?" தங்கச்சி, முதலாவது எது?

"தவ டிக்கக் இன்ன அக்கே" என்றேன், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று.

எழும்பி அடுத்தவருக்கு இடம் விட்டேன். அவர் போனார், இன்னொருவர் போனார். அம்மா போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். மனதுக்குள் அந்த முன்னறையை ஓட்டிக்கொண்டே இருந்தேன்: அம்மா நிற்கிறார், மாமா உட்கார்ந்திருக்கிறார், அத்தை விளக்கை அணைக்கிறார். மாமா அம்மாவை அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் அழுதால்? மாமா அழுதால் அம்மா தட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மழை பிடித்தது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் போன் அடித்தால்கூடக் கேட்காது என்று அதைக் கையிலேயே வைத்திருந்தேன். கரண்ட் ஒரு தரம் போய் வந்தது. கூட்டம் மொத்தமும் 'ஐயோ' என்றது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கரண்ட் மறுபடி போனால் இன்றைக்கு வராமலும் போகலாம், ஏதாவது ஒன்றைப் போட்டுவிடு, என்று சிங்களத்தில் சொன்னார். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். திரையில் இரண்டு பெயர்களும் இருந்தன. நடுவில் இருப்பதைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

போன் அதிர்ந்தது. எடுத்ததும் பஸ் இரைச்சல்.

"அம்மா?"

"குடுத்துட்டேன். நீ உனக்கு வேண்டியத மொதல்ல போடு."

"மாமா என்ன சொன்னாரு?"

"அங்க மழையா?"

"மழ. மாமா என்ன சொன்னாரு அம்மா?"

"நனையாம வீட்டுக்குப் போ" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டார். நான் அக்காவிடம் விளிம்பில் இருக்கும் பல்கலைக்கழகத்தைச் சொன்னேன். அவர் அதை முதலாவதாகப் போட்டு, என்னைப் பார்த்து, சரியா என்று கேட்டு அனுப்பினார். அனுப்பி முடித்ததும் காசைக் கொடுக்காமலே வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். சந்தோஷமா பயமா என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அம்மா இருட்டும் முன்பே வந்துவிட்டார். நனைந்திருந்தார். துணியில் கட்டியிருந்த தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வெறும் தட்டு. துடைத்து வைத்த மாதிரிப் பளபளவென்று இருந்தது. ஒரு வெற்றிலைகூட இல்லை, ஒரு கறிவேப்பிலைகூட இல்லை.

அப்பா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படிக் கட்டிப் பிடிக்கிற பழக்கம் கிடையாது. அம்மாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அண்ணி உள்ள கொண்டுபோய் எல்லாத்தயும் எடுத்துட்டு இதக் கொண்டாந்து குடுத்தாங்க" என்றார். "அண்ணே எந்திரிக்கல. டீ கூடக் குடிச்சேன். சீனி போடாம குடுத்தாங்க." பிறகு தட்டைக் கழுவினார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு காத்திருந்த மாதங்கள் நல்ல மாதங்கள் இல்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும். முதல் விருப்பம் கிடைக்காமல், நடுவில் இருப்பதே கிடைத்துவிட்டால்? அப்படி ஆனால் அம்மா தட்டைத் திருப்பிக் கொடுத்தது எதற்காக என்று ஆகிவிடும். தீபாவளிக்கு மாமா எப்போதும் விடியற்காலையிலேயே போன் எடுப்பார். அந்த வருடம் எடுக்கவில்லை. அம்மா எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வடை சுட்டார். பேசி முடித்த சம்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்தவள் என்று தோட்டத்தில் பேசினார்கள். என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவளிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கடைசியில் முதல் விருப்பமே கிடைத்தது. அப்பா அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கி வந்தார், சில்லு வைத்தது. அதை எங்கள் லயத்துப் பாதையில் இழுக்க முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

விடுதிக்கு இருவரும் கொண்டுவந்து விட்டார்கள். பஸ் மாமா கடை இருக்கும் சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா எட்டிப் பார்த்தார். அம்மா எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே ஒரு பெட்ரோல் செட்டைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆங்கிலம் கழுத்தைப் பிடித்தது, அது வேறு கதை. மாமா வீட்டுப் பக்கம் போகும் தெருவில் நான் நடப்பதில்லை. நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி வாசலில் என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அப்பாதான் என்று ஓடினேன்.

அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு டிபன் கெரியர். வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எளச்சிட்ட" என்றார்.

நான் வாங்க அத்தை என்றேன். அவர் கெரியரை நீட்டினார். என் கை எழும்பவில்லை. அம்மா அன்றைக்கு இரண்டு கையையும் நீட்டியது கண்முன் வந்து நின்றது. மனதில் இருப்பதை அடக்கி வைக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை.

"இதுல பூ இருக்கா அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை என்னை அப்படியே பார்த்தார். திட்டப் போகிறார், அல்லது திரும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தேன். முகம் கோணிக்கொண்டு வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது, பாதி அழுகை கலந்த சிரிப்பு.

"கருவாட்டுக் கொழம்பு இருக்கு" என்றார். "கருவாட்டக் குடுத்து எவளாவது பொண்ணு கேப்பாளா? புடி."

இரண்டு கையாலும் வாங்கினேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "அன்னைக்கி உங்கம்மாவ வெறுந்தட்டோட அனுப்பிட்டேன். அதுல இருந்து உங்க மாமா என்கூட ஒழுங்கா பேசுறதில்ல" என்றார். அதையும் என்மேல் குறை சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

அன்றைக்கு விடுதியில் என் அறைக்காரிகளும் நானும் சேர்ந்து கெரியரை வழித்துச் சாப்பிட்டோம். பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அத்தை வந்ததைச் சொன்னேன்.

"கெரியர திருப்பிக் குடுக்கணும் அம்மா. வெறுமனே குடுக்க முடியாதே. இங்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. என்ன போட்டுக் குடுக்குறது?"

அம்மா வேறொன்று கேட்டார்.

"கருவாட்டுல கத்திரிக்கா போட்டிருந்தாங்களா?"

"ஆமா."

"அண்ணனுக்கு அப்பிடித்தான் புடிக்கும்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அம்மா என்று கூப்பிட்டேன்.

"நீ கழுவி மட்டும் வை" என்றார். "நான் வந்து குடுக்குறேன்."